மோசமான பத்து மீட்டர்: பூங்காப் பாதைகளில் வீல்சேர் – வாசகர் கேள்வி பதில்

வட்டாரப் பூங்காக்களின் நடைபாதைகளில் வீல்சேரில் போவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். அளவுகள் வரும் இடங்களில், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளை வகுக்கும் அமெரிக்க அணுகல் வாரியம் அந்நாட்டு மத்திய அரசு நிலங்களுக்காக 2013-ல் வெளியிட்ட வெளிப்புறப் பாதை விதிகளை அளவுகோலாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டட வாசலில் போடும் சாய்தளத்தின் கணக்கைக் காட்டுப் பாதைக்குப் பொருத்திப் பார்ப்பதைவிட இது பயன்படும்.

கேள்வி: நாங்கள் போக நினைக்கும் பூங்காவின் கையேட்டில் ‘வீல்சேர் செல்லும் பாதை, நீளம் 1 கி.மீ., சராசரிச் சாய்வு 4 சதவீதம்’ என்று இருக்கிறது. என் கணவர் கையால் தள்ளும் வீல்சேரில் வருவார். நம்பிப் போகலாமா?

இந்த மூன்று தகவலை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு பாதையில் வீல்சேர் போகுமா என்பதை அதன் மோசமான பத்து மீட்டர்தான் முடிவு செய்கிறது. சராசரி அந்தப் பத்து மீட்டரை மறைத்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கி.மீ.க்கு 4 சதவீதம் என்றால் மொத்த ஏற்றம் 40 மீட்டர். முதல் 900 மீட்டர் 3 சதவீதச் சாய்வில் 27 மீட்டர் ஏறிவிட்டு, கடைசி 100 மீட்டரில் மீதி 13 மீட்டர் ஏறினாலும் சராசரி அதே 4 சதவீதம்தான். அந்தக் கடைசி 100 மீட்டர் 13 சதவீதம். தோள் வலுவுள்ளவரையும் அது நிறுத்திவிடும்.

2013 விதிகளின்படி, 1:20 வரை சாய்வு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் தொடரலாம். (20 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம் என்பதே 1:20, அதாவது 5 சதவீதம்.) அதைத் தாண்டி 1:12 வரை என்றால் 61 மீட்டருக்குள் ஒரு சமதள ஓய்விடம் வர வேண்டும். 1:12-க்கும் 1:10-க்கும் இடையில் 9 மீட்டர்தான் அனுமதி. 1:10-இலிருந்து 1:8 வரை வெறும் 3 மீட்டர். 1:12-ஐவிடச் செங்குத்தான பகுதிகள் மொத்த நீளத்தில் 30 சதவீதத்தை மீறக் கூடாது. ஆகவே பூங்கா அலுவலகத்தைக் கூப்பிடும்போது “அதிகபட்சச் சாய்வு எவ்வளவு, அது எத்தனை மீட்டருக்குத் தொடர்கிறது, அதன் முடிவில் சமதளம் இருக்கிறதா” என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

அதே அழைப்பில் கேட்க இன்னும் சில உண்டு. தரை என்ன? தார், பலகை, இறுகிய கல்தூள், உதிரிச் சரளை எதுவானாலும் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். ‘நல்ல பாதைதான்’ என்ற பதிலை ஏற்க வேண்டாம். பாதையின் மிகக் குறுகிய இடம் எவ்வளவு அகலம்? விதிப்படி 91.5 செ.மீ. வேண்டும். மோட்டார் சைக்கிளைத் தடுக்க நுழைவாயிலில் நட்ட தூண்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி? இந்தத் தூண்கள்தான் பலரைத் திருப்பி அனுப்புகின்றன, பாதை அல்ல. உங்கள் வீல்சேரின் அகலத்தைத் தள்ளும் வளையத்தின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து, இருபுறமும் விரல் முட்டிகளுக்கு 4 செ.மீ. வீதம் கூட்டிக்கொள்ளுங்கள். கடைசியாக, பெருமழைக்குப் பிறகு யாராவது அந்தப் பாதையை முழுக்க நடந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். மழை அரித்த ஒரே ஓடை போதும், நல்ல பாதை பாதியில் முடிந்துவிடும். சந்தேகமான இடத்தில் அளவுநாடாவைத் தரையில் விரித்து ஒரு படம் அனுப்பச் சொன்னால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: சாய்வை நாமே அளக்க முடியுமா? கைபேசிச் செயலி 8 என்று காட்டுகிறது. அது 1:12-க்குள் வருகிறதா?

அந்த 8 பாகையா, சதவீதமா என்று முதலில் பாருங்கள். 1:12 என்பது 8.33 சதவீதம், ஆனால் 4.8 பாகைதான். செயலி காட்டுவது 8 பாகை என்றால் உண்மைச் சாய்வு 14 சதவீதம், 1:8-ஐயும் தாண்டிவிட்டது. பாகையில் நினைவு வைத்துக்கொள்வதானால், 1:20-க்கு 2.9, 1:12-க்கு 4.8, 1:10-க்கு 5.7, 1:8-க்கு 7.1.

கைபேசியை நேரடியாகத் தரையில் வைத்தால் ஒரு கூழாங்கல்லே அளவைக் கெடுத்துவிடும். 60 செ.மீ. நீளமுள்ள நேரான கட்டையைப் பாதையில் வைத்து அதன்மேல் கைபேசியை வையுங்கள். கொத்தனாரின் ரசமட்டம் இருந்தால் கைபேசியே வேண்டாம். 60 செ.மீ. ரசமட்டத்தின் ஒரு முனை தரையில் இருக்க, குமிழி நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். இடைவெளி 3 செ.மீ. என்றால் 1:20, 5 செ.மீ. என்றால் 1:12.

கேள்வி: சரளைக்கல் வந்தாலே முன்சக்கரம் புதைந்து வீல்சேர் நின்றுவிடுகிறது. ஒருமுறை மகள் முன்னால் சாய்ந்து விழப் பார்த்தாள். என்ன மாற்ற வேண்டும்?

முன்னால் இருக்கும் சுழல் சக்கரம் 4 அல்லது 5 அங்குலம்தான். அதன் அடியில் தரையைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. உதிரிக் கல்லில் அது உருளாமல் கல்லைத் தள்ளிக்கொண்டே போகும். கல் குவிந்ததும் நிற்கும். வீல்சேர் நின்றாலும் உட்கார்ந்திருப்பவரின் உடல் நிற்காது. அதனால்தான் முன்னால் விழுவது. இடுப்புப் பட்டை போடாமல் சரளையில் இறங்க வேண்டாம்.

செலவில்லாத வழி, வீல்சேரைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துப் போவது. கைப்பிடியை லேசாகக் கீழே அழுத்தி முன்சக்கரங்களைத் தரையிலிருந்து எடுத்துவிட்டு, பெரிய பின்சக்கரங்களை மட்டும் உருட்டி இழுக்க வேண்டும். பத்து இருபது மீட்டர் சரளைக்கு இதுவே போதும்.

அதிக தூரம் என்றால் கால்தட்டில் பொருத்தும் ஒற்றை முன்சக்கரம் வாங்குவதே சரியான செலவு. ஏறக்குறைய 12 அங்குல விட்டமுள்ள இந்தச் சக்கரத்தைப் பொருத்தியதும் இரண்டு சிறு சக்கரங்களும் தரையிலிருந்து எழும்பிவிடும். வீல்சேர் மூன்று சக்கர வண்டியாகிவிடும். மடக்காத சட்டமும் ஒரே துண்டான கால்தட்டும் உள்ள வீல்சேருக்கு இது நேரடியாகப் பொருந்தும். மடக்கு வீல்சேரில் கால்தட்டு இரண்டாகப் பிரிந்திருக்கும். அதற்கென்று தனி இணைப்பான் கேட்டு வாங்க வேண்டும். பொருத்திய பிறகு சிறு சக்கரங்கள் தரையை உரசுகின்றனவா என்று ஆளை உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும். காலி வீல்சேரில் எல்லாமே சரியாகத் தெரியும்.

பின் டயரையும் தடிமனாக்கலாமே என்று பலர் மலை சைக்கிள் டயர் வாங்கி ஏமாறுகிறார்கள். இரண்டிலும் ‘24 அங்குலம்’ என்றே எழுதியிருக்கும். டயரின் பக்கவாட்டில் இன்னொரு எண் இருக்கும்: வீல்சேர் டயரில் 25-540 அல்லது 37-540, மலை சைக்கிள் டயரில் 47-507 போல. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது டயர் உட்காரும் வளையத்தின் விட்டம், இரண்டும் மி.மீ.யில். 507 டயர் 540 வளையத்தில் ஏறவே ஏறாது. தடிமன் டயர் வேண்டுமானால் 507 வளையம் கொண்ட தனிச் சக்கர ஜோடி வேண்டும். அந்த ஜோடியின் அச்சும் உங்கள் வீல்சேரின் அச்சும் ஒரே விட்டமா என்று பாருங்கள். 12 மி.மீ., 12.7 மி.மீ. என்று இரண்டு வகை புழக்கத்தில் உண்டு. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. மாற்றிப் போட்டால் ஒன்று நுழையாது, இல்லையென்றால் சக்கரம் ஆடும்.

காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் பரந்து, புதைவது குறையும். ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட குறைந்தபட்ச அழுத்தத்துக்குக் கீழே இறங்காதீர்கள். டியூப் வளையத்தில் நசுங்கிக் கிழிவது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் நிறுத்து பிரேக். வீல்சேரின் பிரேக் கட்டை டயரின் மேல் அழுத்தித்தான் பிடிக்கிறது; காற்று குறைந்தால் கட்டைக்கும் டயருக்கும் இடையே பிடிமானம் போய்விடும். பிரேக் போட்ட வீல்சேர் சரிவில் மெல்ல நகரத் தொடங்குவது இப்படித்தான். காற்றழுத்தத்தை மாற்றினாலும் சக்கரத்தை மாற்றினாலும் பிரேக் கட்டையின் இடைவெளியைச் சரிசெய்துவிட்டு, ஆளோடு ஒரு சரிவில் சோதித்த பிறகே கிளம்புங்கள்.

கேள்வி: ஏற்றமே இல்லாத பாதையில்கூட வலது தோள் மட்டும் வலிக்கிறது. வீல்சேர் ஒரு பக்கமாகவே இழுக்கிறது. சக்கரத்தில் கோளாறா?

வீட்டுத் தரையில் நேராக ஓடுகிறது என்றால் கோளாறு சக்கரத்தில் இல்லை, பாதையின் பக்கச் சரிவில். மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகப் பாதையை ஒரு பக்கம் சாய்த்துப் போடுகிறார்கள். கான்கிரீட், தார், பலகைக்கு 1:48 வரைதான் அனுமதி. மண், கல்தூள் பாதைக்கு 1:20 வரை விட்டிருக்கிறார்கள். அதாவது 1 மீட்டர் அகலத்தில் ஒரு ஓரம் மற்ற ஓரத்தைவிட 5 செ.மீ. தாழ்ந்திருக்கலாம். வீல்சேரின் சுழல் சக்கரங்கள் தாழ்ந்த பக்கம் திரும்பவே பார்க்கும். நேராகப் போக, தாழ்ந்த பக்கத்துக் கை ஓயாமல் தள்ள வேண்டும். மேட்டுப் பக்கத்துக் கை பிடித்து நிறுத்துவதோடு சரி.

மேட்டுப் பக்கமாக உடலைச் சாய்த்து உட்காருங்கள், இழுப்பு குறையும். பாதை காலியாக இருந்தால் நடுமுதுகில் போங்கள், பல பாதைகள் நடுவில் உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்தவை. போன வழியே திரும்பும் பாதை என்றால் திரும்பும்போது மற்றத் தோளுக்கு வேலை வரும். வளையமாகச் சுற்றி வரும் பாதையில் முழு நேரமும் ஒரே தோள்தான் உழைக்க நேரிடலாம். ஏற்றத்தைச் சமாளிக்க இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஏறும் பழக்கம் சிலருக்கு உண்டு. பக்கச் சரிவுள்ள குறுகிய பாதையில் அதைச் செய்யாதீர்கள். வீல்சேர் பக்கவாட்டில் கவிழும்.

கேள்வி: இறக்கத்தில் அப்பாவின் வீல்சேரை எப்படிப் பிடிப்பது? வேர் குறுக்கே வந்தால்?

செங்குத்தான இறக்கத்தில் வீல்சேரைத் திருப்பிவிடுங்கள். அப்பாவின் முகம் மேட்டைப் பார்க்க, நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று பின்னோக்கி அடிமேல் அடி வைத்து இறங்க வேண்டும். அவர் உடல் முதுகுச் சாய்மானத்தில் அழுந்தியிருக்கும், முன்னால் சரியாது. இன்னொருவர் உடன் வந்தால் வழி சொல்லட்டும். ஓடும் வீல்சேரின் வேகத்தைக் குறைக்க நிறுத்து பிரேக்கை ஒருபோதும் போடாதீர்கள். இரு பக்கப் பிரேக்கும் ஒரே நேரத்தில் பிடிக்காது. முதலில் பிடித்த பக்கம் வீல்சேர் சுழன்று ஆளைத் தூக்கி எறியும்.

வேர் வந்தால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் அதைத் தொடும்படி நேராக அணுகுங்கள். சாய்வாக அணுகினால் ஒரு சக்கரம் ஏறி மற்றது கீழே நிற்கும். ஏறும்போது பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைக் காலால் மிதித்து முன்சக்கரங்களைத் தூக்கி வேருக்கு அப்பால் வையுங்கள்; பிறகு பின்சக்கரங்கள் வேரைத் தொட்டதும் தள்ளுங்கள். இறங்கும்போது பின்பக்கமாக, பெரிய சக்கரம் முதலில். கவிழாமல் தடுக்கும் குட்டிச் சக்கரங்கள் பின்னால் இருந்தால் வேரைக் கடக்கும்போது மட்டும் மேலே மடக்கி, கடந்ததும் கீழே இறக்கிவிடுங்கள். இறக்க மறந்துவிட்டு அடுத்த ஏற்றத்தில் மல்லாந்து விழுவது அடிக்கடி நடக்கிறது. முதுகுச் சாய்மானத்தில் கனமான பை தொங்கினால் இன்னும் எளிதாக விழும். பையை இருக்கைக்கு அடியில் கட்டுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தால் சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள். கைதாங்கியும் கால்தாங்கியும் கழற்றி மாட்டும் பாகங்கள். பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். முன்னால் கயிறு கட்டி இழுப்பதற்கும் இதுதான் விதி.

கேள்வி: பேட்டரி வீல்சேரில் ‘25 கி.மீ. ஓடும்’ என்று எழுதியிருக்கிறது. 8 கி.மீ. பாதைக்குத் தாராளமாகப் போதுமே?

அந்தத் தூரம் சமமான கெட்டித் தரையில், புது பேட்டரியில் எடுத்த கணக்கு. ஏற்றம், சரளை, குளிர், பேட்டரியின் வயது ஒவ்வொன்றும் அதைக் குறைக்கும். ஏற்றத்தில் ஏறும்போது பேட்டரி அளவைப் பார்த்துப் பதற வேண்டாம். மின்னழுத்தம் தற்காலிகமாக இறங்கும். சமதளத்தில் சில நிமிடம் நின்ற பிறகு பார்ப்பதே சரியான அளவு. போகும் வழி ஏற்றமாக இருந்தால் பாதி மீதமிருக்கும்போது திரும்பலாம். போகும் வழி இறக்கமாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு மீதமிருக்கும்போதே திரும்ப வேண்டும், ஏனெனில் கடினமான பகுதி திரும்பும் வழியில்தான் காத்திருக்கிறது.

நீண்ட ஏற்றத்தில் வீல்சேர் தானாக வேகம் குறைந்தால் அது பெரும்பாலும் பழுதல்ல. மோட்டார் சூடேறுவதைக் கண்டு கட்டுப்பாட்டுப் பெட்டி மின்சாரத்தைக் குறைக்கிறது. நிறுத்தி ஆற விடுங்கள். வழியில் நின்றுபோனால் தள்ளிச் செல்ல மோட்டாரை விடுவிக்கும் நெம்புகோல் இருக்கிறது. அதைச் சரிவில் தொடாதீர்கள். மோட்டார் விடுபட்டதும் அதோடு சேர்ந்த பிரேக்கும் போய்விடும். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி ஆளோடு உருளத் தொடங்கினால் யாராலும் பிடிக்க முடியாது. மழைக்கு, இயக்கும் குச்சியின் மேல் மாட்ட ஒரு ஒளிபுகும் பிளாஸ்டிக் பையும் ரப்பர் வளையமும் போதும்.

கேள்வி: தண்டுவடக் காயம் உள்ள தம்பியை அழைத்துப் போகிறோம். உடல் சார்ந்து எதில் கவனம் வேண்டும்?

மூன்று விஷயம். முதலாவது வெயில். காயம் தண்டுவடத்தின் மேல்பகுதியில் இருந்தால் அதற்குக் கீழே வியர்க்காது, உடல் தானாகக் குளிராது. தாகமும் களைப்பும் தெரியும்வரை காத்திருக்காமல் முகம், கழுத்து, கைகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டே போங்கள்.

இரண்டாவது அழுத்தப் புண். குலுங்கும் பாதையில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, முன்னால் குனிந்து ஓரிரு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். காற்று மெத்தை என்றால், உயரம் ஏற ஏற உள்ளே காற்று விரிந்து மெத்தை கல்லாகும். மேலே காற்றை விட்டுச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கினால் எலும்பு அடித்தளத்தில் இடிக்கும். மெத்தைக்கும் உட்காரும் எலும்புக்கும் இடையில் கையை நுழைத்துப் பாருங்கள். எலும்புக்கு அடியில் 1.5 முதல் 2.5 செ.மீ. காற்று இருக்க வேண்டும்.

மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது. மார்புப் பகுதியின் 6-வது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு, உடலின் கீழ்ப்பகுதியில் ஏதாவது உறுத்தினால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறலாம். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கலாம், பை நிறைந்திருக்கலாம், பட்டை இறுகியிருக்கலாம். திடீர்த் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே வியர்த்தல் இதன் அடையாளம். படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட்டு, பட்டை, பெல்ட், காலணியைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாயை முதலிலிருந்து கடைசி வரை தடவிப் பாருங்கள். சில நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் அவசர உதவிக்கு அழைக்க வேண்டும். கைபேசி அலைவரிசை இல்லாத பாதைக்கு இவரை அழைத்துப் போகாதீர்கள்.

கேள்வி: பாதையே இல்லாத, படிக்கட்டும் பாறையுமான இடங்களுக்கு வழி உண்டா?

உண்டு. ஜோயலெட் என்ற ஒற்றைச் சக்கர நாற்காலி 1987-ல் பிரான்சில் ஜோயல் க்ளோடெல் என்ற மலைநடை வழிகாட்டி, தசைநோயுள்ள தன் உறவினர் சிறுவனுக்காக உருவாக்கியது. முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தூக்கிச் சமன்செய்ய வேண்டும். ஏற்றத்துக்குக் கூடுதல் ஆள் தேவை. சங்கிலித் தடத்தில் ஓடும் பேட்டரி நாற்காலிகளைச் சில பூங்காக்கள் இரவல் தருகின்றன. முன்பதிவு செய்யும்போது எடை வரம்பையும், உட்கார மாற்றிவிட ஆள் உதவி கிடைக்குமா என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதிப் பூங்காவின் பாதையைச் சீர்செய்யத் தன்னார்வலர்களாகச் சேர்ந்திருக்கிறோம். கையில் பணம் குறைவு. எங்கே தொடங்குவது?

நுழைவாயிலில். தூண்களுக்கு இடையே 81.5 செ.மீ.யாவது இருக்கட்டும், பேட்டரி வண்டிகளுக்கு அதற்கு மேல் இருந்தால் நல்லது. பிறகு ஒரு வீல்சேர் பயனரோடு பாதை முழுக்கப் போய், அவர் நின்ற ஒவ்வொரு இடத்தையும் குறித்து, மிக மோசமானதை முதலில் எடுங்கள். நடுவே ஒரு தடை இருக்கும்போது மற்ற இடங்களை அழகுபடுத்தினால் பணம் வீண்.

உதிரிச் சரளையை மாற்ற உருண்டைக் கல் கொட்டாதீர்கள், அது எவ்வளவு அமுக்கினாலும் உருளும். உடைத்த கல், 10 மி.மீ.யிலிருந்து தூள் வரை கலந்தது வேண்டும். கூர்முனைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள, தூள் இடைவெளியை அடைக்கும். சலித்துத் தூள் நீக்கிய கல்லை வாங்கிவிட்டால் பாதை இறுகாது. லேசாக ஈரப்படுத்தி, 5 முதல் 8 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியே அமுக்குங்கள். காய்ந்த நிலையில் அமுக்கினால் மேற்பரப்பு மட்டும் இறுகி ஒரு மழையில் பெயர்ந்துவிடும். பலகைப் பாலங்களில் பலகைகள் போகும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும்; இடைவெளி 13 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. நீளவாக்கில் போட்ட பலகையின் இடுக்கில் முன்சக்கரம் அப்படியே இறங்கிவிடும்.

வேலை முடிந்ததும் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள். நீளம், தரை வகை, வழக்கமான அகலமும் மிகக் குறைந்த அகலமும், வழக்கமான சாய்வும் அதிகபட்சச் சாய்வும், பக்கச் சரிவுக்கும் அதேபோல் இரண்டு எண்கள். அதிகபட்சச் சாய்வு தொடக்கத்திலிருந்து எத்தனையாவது மீட்டரில் வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.